நாலு ஜோடிக்கு ஒரே கூண்டு

நான் நில அளவர். எத்தனையோ அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரித்துக் கல் நட்டவன். லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு அளவு சொல்ல எனக்கு இன்னொருவர் வேண்டுமா என்கிற திமிர் இருந்தது.

என் மனைவி ஆசைப்பட்டு நாலு ஜோடி வாங்கினாள். “ஜோடிக்கு ஒரு கூண்டா வச்சிடலாம்ங்க. குஞ்சு பொரிக்கிறப்ப தனியா இருந்தாத்தான் நல்லதாம்” என்றாள். நான் காதில் வாங்கவில்லை. நாலடி நீளம், இரண்டடி அகலம், நாலடி உயரம் என்று கணக்குப் போட்டேன். எட்டுப் பறவைக்குத் தாராளம். வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கிக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தேன். முட்டையிட நாலு மண்கலயங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டினேன். ஜோடிக்கு ஒரு கலயம், சரிபங்கு. பட்டா ஒன்றுதான் எழுதித் தரவில்லை.

மேல் கலயத்தை மஞ்சள் பெட்டை பிடித்துக்கொண்டு மூன்று குஞ்சு பொரித்தது. கண்கூடத் திறக்காத குஞ்சுகள். மனைவி தினமும் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் ஒரே கூச்சல். ஓடினோம். கீழ்க் கலயத்து நீலப் பெட்டை மேல் கலயத்துக்குள் புகுந்திருந்தது. மஞ்சள் பெட்டை மூக்கில் ரத்தத்தோடு கம்பியைப் பிடித்துத் தொங்கியது. கூண்டின் தரையில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. நீலத்தை விரட்டிவிட்டுக் கலயத்துக்குள் பார்த்தேன். மற்ற இரண்டும் அசைந்தன.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தனக்கென்று ஒரு கலயம் இருக்கும்போது அதற்கு அடுத்த வீட்டில் என்ன வேலை? பிறகுதான் உறைத்தது. நான் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கடைமடைக்காரன். தலைமடை வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய தண்ணீரில் பயிர் செய்த குடும்பம். ஒரே அளவு நிலம் என்றாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பறவைகளுக்கு உயரம்தான் தலைமடை. நாலு பெட்டைகளும் மேல் கலயத்தின் மேலேயே கண்ணாக இருந்திருக்கின்றன.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பறவைகளை விற்ற, எங்கள் ஊரிலேயே கடை வைத்திருக்கும் தஞ்சாவூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

“உயரமான கூண்டு எதுக்குங்க? அதுங்க குறுக்கால பறக்குற ஜாதி” என்றார். “ஒரு ஜோடிக்கு ரெண்டடி நீளம், ஒண்ணரை அகலம், ஒண்ணரை உயரம் போதும். எங்கிட்ட ஒண்ணு இருக்கு, வந்து எடுத்துக்குங்க. கலயத்தக் குஞ்சோட மாத்தி, ஆணையும் சேத்து விடுங்க. தாய் சீக்கிரம் உள்ள போயிடணும். இல்லன்னா குஞ்சு பசி தாங்காதுங்க.”

பைக்கில் போய்க் கூண்டைக் கொண்டுவந்தேன். கலயத்தைக் குஞ்சுகளோடு அவிழ்த்து அதில் கட்டினேன். ஆணும் பெண்ணும் புதுக் கூண்டுக்குள் போனதும் நானும் மனைவியும் எட்டத்தில் உட்கார்ந்தோம். ஆண் பறவை தினையைக் கொறித்தது. மஞ்சள் பெட்டை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. கலயத்துக்குள் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

“இந்த வீட்டுக்கும் நீங்க இப்படித்தான் கணக்குப் போட்டீங்க” என்றாள் மனைவி, கூண்டையே பார்த்தபடி. “நாலு ரூம் இருக்கு, ஆளுக்கு ரெண்டு, இதுக்கு மேல என்ன வேணும்னு.”

அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்து இருக்கும் வீடு. அடுப்படி ஒன்றுதான், அங்கே அண்ணி வைத்ததுதான் சட்டம். தனியாகப் போகலாம் என்று என் மனைவி எட்டு வருடமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் சதுர அடி சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“வீடு பாக்கலாம்” என்றேன்.

“மொதல்ல அது உள்ள போவட்டும்.”

பெட்டை கலயத்தின் வாய்க்கு வந்து எட்டிப் பார்த்தது, திரும்பிப் போனது. மறுபடி வந்து, மறுபடி போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெயில் தாழ்வாரத்துக்குள் வந்த பிறகுதான் அது உள்ளே நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் கீச்சென்று தீனி கேட்கும் சத்தம் எழுந்தது. ஒரே ஒரு குரல்.

மாலையில் பார்த்தபோது ஒரு குஞ்சின் தொண்டைப் பை நிரம்பியிருந்தது. இன்னொன்று சில்லிட்டுப் போயிருந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணாவது மிஞ்சிச்சே” என்றேன்.

“நேரங்கழிச்சுப் பிரிச்சா இவ்வளவுதாங்க மிஞ்சும்” என்றாள்.