சொல்லலேன்னா என்ன?

ஆர்டர் சீட்டில் எழுதியிருப்பதை இந்தம்மா அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எழுதாமல் விட்டதைத்தான் படிக்கிறார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, சிவப்புப் பென்சிலின் பின்பக்கத்தால் காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொடுகிறார். "அகலம் இருக்கு, உயரம் இருக்கு. கீல் எந்தப் பக்கம்னு போடலியே. சொல்லலேன்னா என்ன?" என்று சீட்டு கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்க்கிறார். பதில் வரும்வரை அந்தப் பார்வை நகராது.

என் கதவுத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர் இவர். வயது நாற்பத்தாறு. தொழிலாளிகள் முன்னால் 'கம்ப்யூட்டர் அக்கா' என்பார்கள், பின்னால் 'சொல்லலேன்னா அக்கா' என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். டீக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நான் ஒண்ணும் சொல்லலேன்னா சர்க்கரை போடாதீங்க. வேணும்னா அன்னிக்குச் சொல்றேன்." இன்றுவரை ஒருநாளும் சொன்னதில்லை. அறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் ஜோடியாக வைப்பார். ஒன்று கோணலாக இருந்தாலும் குனிந்து சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். ஏதோ வியாதி என்று நினைத்திருந்தேன். அவர் கணவருக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த வீட்டில் தண்ணீர்ச் சொம்பு முதல் சீப்புவரை எல்லாவற்றுக்கும் ஓர் இடம். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சொம்பு அங்கேதான் இருந்தாக வேண்டும். வீட்டுக்கு வருமானமும் இவருடையது ஒன்றுதான்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பலகை சுமந்த இந்தத் தோளின்மேல்தான் தொழிற்சாலை நிற்கிறது. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? நாளொன்றுக்கு இருநூறு கதவு இங்கிருந்து போகிறது. அப்பேர்ப்பட்ட எனக்கே, இந்தம்மா வேலைக்கு வந்த முதல் வாரம் பாடம் எடுத்தார். "ஃபங்ஷன்" என்று ஆரம்பித்தார். யார் வீட்டுக் கல்யாணம் என்றேன். சிரிக்காமல் விளக்கினார். ஃபங்ஷன் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு வேலைக்காரர் மாதிரியாம். அகலமும் உயரமும் சொன்னால்தான் அவர் கையை அசைப்பார். கீல், நிறம், பூட்டு இதெல்லாம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. சொன்னால் சொன்னபடி செய்வார், சொல்லாவிட்டால் ஏற்கெனவே சொல்லிவைத்தபடி செய்வார்.

"இதை நான் நாற்பது வருஷமா கம்ப்யூட்டர் இல்லாமலே செய்யறேன்மா. கீலைப் பத்தி வாய் தொறக்கலேன்னா, நம்ம கம்பெனியில அது இடது பக்கம்."

"எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா ஐயா?"

"மண்டையில இருக்கு."

"அப்ப நீங்க காய்ச்சல்ல படுத்தா கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

என்னை அப்படிக் கேட்க இதுவரை ஒருத்தருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மூன்று நாள் என் எதிரே உட்கார்ந்து, என் மண்டைக்குள் இருந்ததையெல்லாம் ஒரே தாளில் இறக்கிவிட்டார். சொல்லாவிட்டால் கீல் இடது. சொல்லாவிட்டால் தேக்கு நிறம். வாசல் கதவென்றால், வெளியே நிற்பவரைப் பார்க்கும் லென்ஸ் உண்டு. கடைசியாக, "நீங்க ஒண்ணுமே சொல்லலேன்னா?" என்றார். "நான் வாயத் தொறக்கலேன்னா வேலை நடக்கட்டும்னு அர்த்தம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

புரோகிராம் ஓட ஆரம்பித்த முதல் நாள் வந்தது ஒரு பெண்கள் விடுதியின் ஆர்டர். வாசல் கதவு ஒன்று, குளியலறைக் கதவு முப்பத்தெட்டு. கதவுகள் போய் இறங்கின மறுநாள் விடுதியம்மா போன் செய்தார். "ஏங்க, குளிச்சிட்டிருக்கும்போது வெளிய யாரு வந்திருக்காங்கன்னு பார்த்து நாங்க என்ன பண்றது?"

முப்பத்தெட்டுக் குளியலறைக் கதவிலும் லென்ஸ்!

நிர்வாகம் பார்க்கிற என் மாப்பிள்ளை, துளை போடும் மெஷின்காரரை என் அறைக்குக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டார். "பாத்ரூம் கதவுல எவனாவது லென்ஸ் வெப்பானா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"கம்ப்யூட்டர் குடுத்த சீட்டுல இருந்துச்சு சார். நானும் புது ஃபேஷனோன்னு நெனச்சேன்."

"எங்க அந்தச் சீட்டு?"

சீட்டு மரத்தூளோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மாப்பிள்ளை வாயெடுத்த நேரத்தில் இந்தம்மா வந்தார். மரத்தூளிலும் ஆணியிலும் வெறுங்காலோடு நடந்து வந்தார். செருப்பை மறந்து அவர் எழுந்து வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவரை விடுங்க சார். தப்பு என்னோடது."

என் மேசையில் இருந்த காகித ட்ரேயைக் கையில் எடுத்தார். "சீட்டுல எக்ஸ்ட்ரா சாமான் எதுவும் சொல்லலேன்னா இது மாதிரி ஒரு காலி ட்ரேயை எடுத்துக்கோன்னு புரோகிராம்ல எழுதியிருந்தேன் ஐயா. ஒவ்வொரு கதவுக்கும் புது ட்ரே எடுக்கும்னு நெனச்சேன். அது ஆரம்பத்துல எடுத்த ஒரே ட்ரேயைத்தான் திரும்பத் திரும்ப நீட்டியிருக்கு. வாசல் கதவுக்குப் போட்ட லென்ஸ் அதுலயே கெடந்திருக்கு. பின்னால வந்த கதவுக்கெல்லாம் அதுவே போயிருச்சு." ஒவ்வொரு கதவாக, புரோகிராமைப் புதிதாக ஓட்டித்தான் அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் ட்ரே காலி.

வாயை மூடிக்கொண்டு திருத்தியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. மெஷின்காரர் மட்டும் வீட்டுக்குப் போயிருப்பார்.

"மாமா, இந்தம்மாவ அனுப்பிட்டு, புரோகிராம் வேலைய வெளிய ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடலாம்" என்றார் மாப்பிள்ளை.

"இங்க தப்பு யாரோடதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுது மாப்பிள்ளை. அங்க குடுத்தா அது பத்து வருஷமானாலும் தெரியாது" என்றேன். மாப்பிள்ளை போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை.

என் கையால் ஒரு கதவும் தப்பானதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். தப்பானது இரண்டு உண்டு. இரண்டையும் அன்றைக்கே விறகாக்கிவிட்டதால் சாட்சி இல்லை.

மறுநாள் காலை ட்ரேயில் ஒரு கடிதம் கிடந்தது. வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், தங்கள் முடிவைச் சொல்லவும் என்று இரண்டே வரி. நாற்பத்தாறு வயதில் இவரைப் புதிதாக யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. மற்ற ஆர்டர்களுக்கு நடுவே முப்பத்தெட்டுக் கதவையும் புதிதாகச் செய்ய நாலு நாள் பிடித்தது. நாலு நாளும் அவர் மெஷின் பக்கத்திலேயே நின்று, சீட்டையும் கதவையும் மாறிமாறிப் பார்த்து டிக் போட்டார். மெஷின்காரர் தன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தும் உட்காரவில்லை.

ஐந்தாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, லெட்டருக்குப் பதில் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லலேன்னா என்னம்மா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு நான் சளைத்தவன் அல்ல.

மெல்ல உள்ளே வந்தார். கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அந்த ட்ரேயைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்து, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, காலியாக என் முன்னால் வைத்தார்.