தண்ணீரில்லாமல் சுற்றிய கல்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. தூக்கக் கலக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று வருடம் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வேலையை விட்டு நின்றவன் நான். எனக்கு இரவில் தூக்கமே வராது.

எரியோட்டுக்கு மேற்கே ஒரு மலையை ஆறு இரண்டாக அறுத்து வைத்திருக்கிறது. இருபுறமும் தூண் தூணாகப் பாறை. நடுவே, ஆற்றுப்படுகையில், ஆள் ஆழத்துக்கு வட்டக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உருண்டைக் கல். வெள்ளம் அந்தக் கல்லைச் சுழற்றிச் சுழற்றியே குழி உண்டானதாம். உரல் பாறை என்பார்கள். ஆறு வறண்டு நான்கு வருடம் ஆகிறது.

அங்கேதான் என் அண்ணன் பிராங்கிளினின் பைக் நின்றது. ஆள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் அம்மா அழுதபோது அங்கிருந்த எஸ்.ஐ. டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஒட்டன்சத்திரத்துல காய் லாரி ஏறி கேரளா போயிருப்பான். எவளையாச்சும் கூட்டிட்டு வருவான், போம்மா."

மூன்று வாரமாக இதே பதில். நானே தேடக் கிளம்பினேன். நண்பன் இஷாக் பிரியாணிக் கடையை அடைத்துவிட்டு டார்ச்சோடு வந்தான்.

"பேய் கீய் வந்தா உன்னயப் புடிக்கட்டும்லே. நீதான் வேலவெட்டி இல்லாதவன்."

மணி 11.40. முதல் குழி காலி. இரண்டாவதும் காலி.

அப்போது கேட்டது.

கர்ர்ர்... கர்ர்ர்...

"கல்லு உடைக்கிற கிரஷர் ஓடுதா?" என்றான் இஷாக்.

"இங்க ஏதுடா கிரஷர்? கரண்டே கிடையாது."

மெஷின் சத்தம் எனக்குத் தெரியும். வெறுமனே ஓடுகிற சத்தமில்லை இது. எதையோ அரைக்கிறது...

மூன்றாவது குழியில்.

டார்ச் அடித்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் கல்... சுற்றிக்கொண்டிருந்தது.

"யா அல்லா! ஏலே, வாடா போயிரலாம்!"

"எங்கண்ணன் எங்க?" குழிக்குள் கத்தினேன்.

சத்தம் நின்றது.

கல்லும்.

பிறகு... எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

ஓடினோம்.

காலையில் நான் போட்ட கூச்சலில் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். நாலு பேர் கயிறு கட்டித்தான் கல்லைத் தூக்க முடிந்தது. அடியில் கணுக்கால் உயரத்துக்கு எலும்பு நிறத்தில் பொடி. அதற்குள் அண்ணன் கழுத்து வெள்ளிப் பதக்கம். வளையம் அறுந்தபோது நான் முறுக்கிவிட்ட செம்புக் கம்பி நூல் மாதிரி தேய்ந்து அதிலேயே இருந்தது. அதிலிருந்த மாதா உருவம் அழிந்திருந்தது. பதக்கம் இலை மாதிரி தேய்ந்திருந்தது.

ஒரு பிடிப் பொடியை அள்ளிப்போய் ஸ்டேஷனில் அந்த டீ டம்ளர் பக்கத்தில் கொட்டினேன்.

"இந்தாங்க. கேரளாவுலேர்ந்து வந்துட்டான்."

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

பாறைகளைப் பற்றிப் படித்த கிளாரா டீச்சரிடம் பதக்கத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓடுகிற ஆற்றில், கல்லுக்கு அடியில் கிடந்து இப்படித் தேய நூறு வருடமாவது ஆகும் என்றார்.

அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது போன மாதம்.