பெரிய பொட்டு

என் மாமியார் முகம் மலர்ந்து நான் பார்த்ததெல்லாம் யார் வீட்டிலாவது இழவு விழுந்தபோதுதான். அப்படிப்பட்டவள், "ஈப்போவுக்குப் போயி கிறிஸ்மஸ் பெருநாளுக்குக் குடும்பப் படம் எடுக்கலாம்மா" என்று தேனொழுகக் கூப்பிட்டதுமே எனக்குச் சுருக்கென்றது.

எழுபதுகளின் தொடக்கம். நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண், சைவக் குடும்பம். அவர்கள் வேதக்காரர்கள். பொட்டில் கை வைக்க மாட்டோம் என்று என் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துத்தான் என் வீட்டுக்காரர் என்னைக் கட்டினார். கட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சமிருந்தது அந்தப் பொட்டு ஒன்றுதான்.

ஈப்போ டவுனில் மண்டை பிளக்கும் வெயில், கடைக் கண்ணாடிக்குள் பஞ்சுப் பனி. நான் நின்று பார்த்துவிட்டேனாம். "தோட்டத்துல இருந்து வந்தவன்னு ஊருக்கே காட்டணுமா? வா லா!" என்றாள். பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எனக்குச் சளி பிடிக்குமாம்.

மாடி ஸ்டூடியோவில் விளக்கைப் போட்டபிறகு கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, என் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"என்ன அத்த இது? அவரு எங்கப்பாகிட்ட சொன்னாருல்ல?"

"வரவங்க போறவங்க எல்லாம் பாக்குற படம். இந்தக் கருமத்தோடயா நிப்ப?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒரு படந்தானே, விடேன்" என்றார்.

படம் எடுத்து முடித்ததும் மாமியார் ஸ்டூடியோ முதலாளியான சீனத் தவுக்கேயிடம் மலாயில் பேரம் பேசினாள். மருமகள் கறுப்பு, தூரிகையால் கொஞ்சம் வெளுப்பாக்கித் தர வேண்டுமாம். அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால்தான் சாயம் தீட்டுவார்கள். ஆகா, வழியை அவளே காட்டிக் கொடுத்தாள்!

கீழே இறங்கியதும் குடையை மறந்துவிட்டேன் என்று மேலே ஓடினேன். தவுக்கேயிடம் என் சேலையின் சிவப்புக் கரையைக் காட்டி, நெற்றியில் விரலை வைத்தேன். அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். பெரிதா சிறிதா என்று மலாயில் கேட்டார்.

"பெசார்" என்றேன். பெரிதாகவே.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் வீட்டுக்காரர் படத்தை வாங்கி வந்தார். சட்டம் போட்டு, தாளில் சுற்றியிருந்தது. வீடு நிறைய ஆட்கள். மாமியார் அத்தனை பேர் முன்னாலும் பெருமையாகப் பிரித்தாள்.

"மருமவ நல்லா லட்சணமா இருக்கா லா!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாரும் போனபிறகு சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கொண்டை ஊசியால் பொட்டைச் சுரண்டினாள். சாயத்தோடு தாளும் உரிந்து வந்தது. என் நெற்றியில் பொட்டைவிடப் பெரிய வெள்ளை வட்டம். ஊரே பார்த்துவிட்ட படம், ஹாலில் மாட்டாமலும் இருக்க முடியவில்லை. யார் வந்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நான் ஒன்று விடாமல் சொல்வேன்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் இன்னும் ஹாலில்தான் தொங்குகிறது. "அசிங்கமா இருக்கு, கழட்டிடலாமே" என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்.

"ஒரு படந்தானே, விடுங்க" என்பேன்.