ஆணி இல்லாத புரோகிராம்

காலை மணி ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது லிப்ட் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு எண்: 4. நான் நின்றது ஒன்பதாவது மாடி. எண் அசையவில்லை. நான்காவது மாடியில் யாரோ கட்டில் பீரோ ஏற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று பொறுமையாகக் காத்திருந்தேன். திடீரென்று கதவு திறந்தது. உள்ளே மேல்மாடி அம்மாள், கையில் பசார் கூடை.

"அந்த நம்பரப் பாத்தா நிக்கிறீங்க? அது நேத்துலேருந்தே நாலுதான்லா."

லிப்டுக்குள் மோட்டார் சூடேறி லேசான கருகல் வாசனை அடித்தது. கேமரன் மலை என்றால் மற்றவர்களுக்கு ஸ்ட்ராபெரி ஞாபகம் வரும். எனக்கு, நின்றுபோன ஓர் எண்ணும் கருகல் வாசனையும்.

எண்பதுகளின் பிற்பாதி. கோலாலம்பூரில் ஒன்றரை வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மலைக்குத் திரும்பியிருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் வேலை கிடைத்தது. பதவிக்குப் பெயர் கம்ப்யூட்டர் கிராணி, அதாவது குமாஸ்தா. அதுவரை அப்படி ஒரு கிராணி அங்கே இருந்ததில்லை என்பதால் எனக்கு எங்கே நாற்காலி போடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. தேயிலையை உலர்த்தும் டிரையர் ஓடும் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் இடம் ஒதுக்கினார்கள். டிஸ்குகள் இருந்த பெட்டியைத் தினமும் நான் தாம்பூலத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் போவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாராவது மோதிவிடுவார்களோ என்று சுவரோரமாகவே நடப்பேன்.

டிரையரின் சூட்டை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் காட்டுவதும், வேலை முடிந்த பின் அன்றைய அளவுகளைத் தாளில் அடித்துக் கொடுப்பதும்தான் எங்கள் புரோகிராமின் வேலை. சி மொழியில் எழுதியது. பேக்டரியில் இருந்தது மேசைமேல் வைக்கிற சின்ன மெஷின். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் பீரோ உயரத்துக்கு ஒன்று. ஒரே புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும், ஓர் எழுத்துகூட வேறாக இருக்கக்கூடாது என்பது கட்டளை. பெரும்பகுதியைக் கோலாலம்பூரில் மோகன் என்பவர் எழுதினார். தொடக்கப் பகுதி மட்டும் என்னுடையது. புரோகிராம் எழுந்ததும் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவானவற்றைத் தயார் செய்து வைப்பது: கடிகாரம், திரை, பிரிண்டர், டிரையரிலிருந்து அளவு வருகிற கம்பி.

சூடு பார்க்கும் பகுதிக்கு அந்தக் கம்பி வேண்டும். தாள் அடிக்கும் பகுதிக்கும் வேண்டும். யாருக்கு வேண்டுமோ அவர் திறக்கலாம், வேலை முடிந்ததும் மூடலாம் என்று எழுதினேன். புது அளவு வராவிட்டால் பழைய அளவையே காட்டு என்றும் ஒரு வரி சேர்த்தேன். திரை காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்பது என் எண்ணம்.

டிரையரைப் பார்த்துக்கொண்டவர் சூசையண்ணன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் வாசிப்பார், மற்ற ஆறு நாளும் என்னைக் கேலி செய்வார். "தங்கச்சி, உன் பொட்டிக்குக் குளிருமா? ஸ்வெட்டர் பின்னித் தரச் சொல்லவா?" அவர் மனைவி கொழுந்தெடுத்து முதுகு போய் வீட்டோடு இருந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுக்கு இருந்த வீடு அண்ணனின் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது.

டிரையருக்கும், அடுத்த அறையில் தூள் சலிக்கிற இடத்துக்கும் காற்று கொடுக்கும் மோட்டார் ஒன்றே. அதன் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. உள்ளே வேலைக்குப் போகிறவர் தன் எண் பொறித்த தகரச் சில்லை அதில் மாட்டுவார், வெளியே வரும்போது எடுத்துக்கொள்வார். ஆணியில் ஒரு சில்லு தொங்கினாலும் மோட்டாரை நிறுத்தக்கூடாது. கடைசிச் சில்லை எடுப்பவர்தான் நிறுத்துவார். புதிதாக வந்தவர்கள் தவறினால் அண்ணனின் குரல் கேட்கும்: "டேய், ஆணியப் பாத்துட்டு அணைடா! உள்ள ஆளு இருக்கோம்!" கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் என் தொடக்கப் பகுதியை எழுதினேன்.

திரை வந்ததும் சுவரிலிருந்த பழைய முள் மீட்டரைத் துரை கழற்றச் சொல்லிவிட்டார். துரை என்பது தோட்ட மேனேஜருக்குப் பெயர்; வெள்ளைக்காரர் இல்லை. ஈப்போக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். "இனிமே நம்பர் என்ன சொல்லுதோ அதான்" என்றார். சூடு தொண்ணூற்றைந்து டிகிரிக்குக் கீழே போனால் டிரையரின் உலையில் விறகு போட வேண்டும்.

ஒரு நாள் வருகையாளர்கள் வந்திருந்தார்கள். சாயங்காலம் அடிக்கிற தாளைக் காலை பத்து மணிக்கே அடித்துக் காட்டச் சொன்னார் துரை. அடித்தேன். அழகாக வந்தது. அவர்கள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கம்போங் ராஜா பக்கம் கிளம்பினார்கள்.

திரையில் 91.4. அண்ணன் விறகு போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"தங்கச்சி, கருகுற மாதிரி இருக்கு."

"நம்பர் இன்னும் தொண்ணூத்தி ஒண்ணுதாண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டேதாண்ணே இருக்கேன்."

மீண்டும் விறகு போட்டார். பதினொன்றரைக்கு டிரையருக்குள் தீப்பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைய தூள் முழுவதும் கரி. இரண்டு தட்டுகள் வளைந்துபோயின.

சாயங்காலம் தாளை மறுபடி அடித்துப் பார்த்தேன். பத்து மணிக்குப் பிறகு வரிக்கு வரி 91.4. தீப்பிடித்த நேரத்திலும் 91.4. எந்த நெருப்பும் ஒன்றரை மணி நேரம் புள்ளிகூட மாறாமல் எரியாது. தாள் அடிக்கும் பகுதி தன் வேலை முடிந்ததும் கம்பியை மூடிவிட்டுப் போயிருக்கிறது. சூடு பார்க்கும் பகுதிக்கு அது தெரியவில்லை. நான் சொல்லி வைத்தபடி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் அண்ணனிடம்தான் சொன்னேன். தொடக்கம், பகுதி, கம்பி என்று சுற்றிச் சுற்றி விளக்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதாவது உன் புரோகிராம்ல ஆணி இல்ல."

"ஆமாண்ணே."

"இவ்வளவுதானா? இத துரைகிட்ட சொல்லு போ."

சொன்னேன். செய்தும் காட்டினேன். டிரையர் மறுபடி ஓடத் தொடங்கியதும் துரையின் முன்னால் தாள் ஒன்றை அடித்துவிட்டு, சூடு அளக்கிற முனையைக் குளிர்ந்த தண்ணீர் இருந்த கோப்பைக்குள் போட்டேன். திரை அப்போதும் 93.2 என்றது. துரை தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திரையைப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இத நான் ரிப்போர்ட்டுல எழுத முடியாது மிஸ். கேஎல் ஹெட் ஆபீஸ் சொல்லணும்."

கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். மோகன் அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டார். "இங்க நல்லா ஓடுதே! தாள் அடிச்ச பிறகும் நம்பர் மாறுது. உங்க ஆளு தூங்கியிருப்பாரு, விடுங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. பெரிய மெஷினில் இரண்டு பகுதிகளும் தனித்தனி வேலைகளாக ஓடின. ஒருவர் மூடினாலும் அடுத்தவருக்குத் திறந்தே இருக்கும்படி அந்த மெஷினே கணக்கு வைத்துக்கொள்ளும். எங்கள் சின்ன மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதை மூன்று முறை போனில் சொன்னேன். மூன்றாவது முறை, "ஒரே புரோகிராம்தானே?" என்றார். ஒரே புரோகிராம்தான்.

திருத்தம் பன்னிரண்டு வரி. முதலில் வருபவர் திறப்பார், அடுத்து வருபவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவார், போகிறவர் குறைப்பார், பூஜ்யமானால் மூடும். எழுதி முடித்து ஓட்டியும் பார்த்தேன். கோப்பைத் தண்ணீரைத் திரை சரியாகச் சொன்னது. ஆனால் மோகன் ஒப்புக்கொள்ளாமல் ஓர் எழுத்தை மாற்றவும் எனக்கு அனுமதியில்லை. அந்த டிஸ்கைத் துரையின் மேசையில் வைத்தேன். மறுவாரமும் அதே இடத்தில் இருந்தது, மேலே ஒரு டீக் கோப்பையோடு.

தீப்பிடித்ததற்குப் பொறுப்பேற்று அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய விசாரணைக் காகிதம் வந்தது. நான் தடுக்கப் போனேன்.

"கையெழுத்துப் போடாதீங்கண்ணே. தப்பு என்னோடது."

"வேலை எப்படியும் இல்லையாம். போட்டா ஒரு மாசம் வீட்டுல இருக்கலாமாம். போடலைன்னா வெள்ளிக்கிழமையே காலி பண்ணணுமாம். நீ சொல்லு, எது?"

போட்டார். என் பேனாவைத்தான் வாங்கிப் போட்டார். மாதக் கடைசியில் லோரியில் சாமான் ஏற்றினார்கள். பீடோரில் மச்சான் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொட்டியப் பத்திரமாப் பாத்துக்க தங்கச்சி" என்றார். கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐந்து மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து புது டிஸ்க் வந்தது. தலைமை அலுவலகத்திலும் சின்ன மெஷின் வாங்கியிருந்தார்கள்; அங்கேயும் எண் நின்றுபோயிருக்கிறது. தொடக்கப் பகுதியைத் திறந்து பார்த்தேன். எண்ணிக்கை வைத்திருந்தார்கள். என் பன்னிரண்டு வரியை அவர்கள் ஒன்பதில் முடித்திருந்தார்கள். லயத்து வீட்டில் அதற்குள் வேறொரு டிரையர்க்காரர் குடிவந்திருந்தார். பீடோர் விலாசத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வருடம் நானும் வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போய்விட்டேன்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் போனேன். அந்த லயம் இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். கண்ணாடித் தடுப்பு இருந்த இடத்தில் டீயும் கேக்கும் விற்கிறார்கள். அந்த டிஸ்குகளைப் போட்டுப் பார்க்க மெஷினும் கிடையாது. பழைய கோப்புகளை மட்டும் இரும்புப் பீரோவில் வைத்திருந்தார்கள். ஆபீஸ் பெண் தேடி எடுத்துக் கொடுத்தார். சூசையண்ணன் கையெழுத்துப் போட்ட காகிதத்தில், காரணம் என்ற இடத்தில், "ஆளின் கவனக்குறைவு" என்று இருந்தது.