மாகறல் போகாத ஸ்கூட்டர்

எங்கள் அப்பாவிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அதை அவர் ஓட்டியதைவிட உதைத்ததுதான் அதிகம். உதைத்து, சாய்த்து, சோக்கை இழுத்து, மறுபடி உதைத்து, ஒருவழியாக அது புகைவிட்டுக் கிளம்புவதற்குள் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே விழித்துக்கொண்டுவிடும். அதில் பள்ளிக்கூடம் போய் இறங்குவதற்குள் எனக்குச் சலித்துப்போகும். எட்டு வயது, சலித்துக்கொள்கிற வயதா அது?

அந்த ஆடிக்கு, மாகறலில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையை வழக்கம்போல் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்தும் அவள் கிளம்பவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது அவள் முதுகைப் பார்த்த அம்மா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி அப்பாவிடம் என்னவோ குசுகுசுவென்று சொன்னாள். அப்பா தாத்தாவிடம் போய் நின்றார். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்பதுதான் தாத்தாவுக்குக் கவலை.

"புருஷன் வூடுன்னா முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். இட்டுக்கினு போய் வுட்டுட்டு வா" என்று முடித்துவிட்டார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு எங்கள் அப்பா பேசி நான் கேட்டதில்லை.

அத்தையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மாகறலுக்குக் கிளம்பிய முதல் தடவை வண்டி நிஜமாகவே படுத்துக்கொண்டது. ஓரிக்கை தாண்டியதும் விக்கியது, இருமியது, நின்றேவிட்டது. அப்பா குலுக்கிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் தளும்பியது. கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் கிளம்பும், கூப்பிடு தூரம் போய் மறுபடி நிற்கும். இப்படி நின்றும் ஓடியும் வீடு திரும்பினோம்.

மறுநாள் மெக்கானிக் வாசலுக்கே வந்தார். அப்பா நெய்த புடவையைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார்; பக்கத்தில் நின்றது அத்தையும் நானும்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், டியூபை ஊதினார், கடைசியில் பெட்ரோல் டேங்க் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இத்துனூண்டு ஓட்டை தெரியுதாம்மா? காத்து இது வழியாத்தான் உள்ள போவணும். இது அடைச்சுக்கிச்சுன்னா பெட்ரோல் கீழ எறங்காது. வண்டி கொஞ்ச தூரம் போய் நின்னுடும்."

ஊசியால் குத்தி அழுக்கை எடுத்துவிட்டுப் போனார். அப்பா வந்து கேட்டபோது அத்தை, "சரியாய்டுச்சாம்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்புறம்தான் கூத்து. கடைக்கு, கோயிலுக்கு, வாலாஜாபாத்துக்கு என்று எங்கே போனாலும் வண்டி சமர்த்தாக ஓடும். மாகறல் என்று கிளம்பினால் மட்டும் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே மக்கர் பண்ணும். திரும்பி வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரு குறையும் இருக்காது. அந்த மனிதர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி ஓய்ந்துபோனார். அப்பா உதைத்து உதைத்துக் கால் வீங்கி, தறிக்குழியில் கால் இறக்கும்போதெல்லாம் முனகினார். எனக்கானால் உள்ளூரச் சந்தோஷம். அத்தை இருந்தால் தலை வலிக்காமல் பின்னிவிடுவாள். மாகறலுக்குக் கிளம்பும் முன்னாலும் திரும்பி வந்த பின்னாலும் வண்டியைத் துடைத்து வைப்பதும் அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி மறுபடி நின்றது. அப்பாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ரோட்டோரம் சற்று உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, ஏதோ தோன்றித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பொட்டு ஓட்டையில் அரக்கு நிறத்தில் என்னவோ இருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தார். பட்டு இழை.

வீட்டுத் தறியில் நீளவாக்கில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பட்டு நூல் அரக்குப் பாவு. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்தவள் அத்தை. அவள் கை முறுக்கு அப்பாவுக்குத் தெரியாதா? இழையை விரலில் உருட்டிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அவள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்று மணலையே பார்த்தபடி நின்றாள்.

"ரொம்ப அடிக்கிறானாம்மா?"

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பா இழையைக் காற்றில் விட்டார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. ஆனால் பாலத்துப் பக்கம் போகவில்லை, வந்த வழியே திருப்பினார். நின்று தொலையாமல் எங்கள் தெருமுனை வரை ஓடியது. அங்கே அவரே வண்டியை அணைத்தார்.

"எறங்குங்க. தள்ளிக்கினு போவலாம்."

"ஏம்பா, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடாதும்மா. இது இனிமே மாகறலுக்கு ஓடாது. தாத்தா கேட்டா நீயும் அதான் சொல்லணும்."

ஓடுகிற வண்டியை எந்த மனிதராவது தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போவாரா? அதுவும் வேண்டுமென்றே மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம் வண்டி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு! என் சிநேகிதிகள் பார்க்கிறார்களே என்று எனக்கு மானம் போயிற்று. வாசலில் தாத்தா எழுந்து நிற்பது தூரத்திலேயே தெரிந்தது.

வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிய அத்தை தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வந்தாள். பாவம், கனம் தாங்க முடியாமல்தான் அழுகிறாள் என்று நினைத்து, நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன்.