ஈரச் சாம்பல்

கோயிலுக்குக் கிளம்பிய அம்மா திரும்பிப் போய், அணைந்த அடுப்பில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். ஈரச் சாம்பல் மணத்தது.

என் சின்ன வயதில், வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் குதிரையில் வந்து ஜெபம் நடத்திய காலம். சாத்தான்குளத்தில் எங்களுடையது பனையோலை வீடு. கோயில் மணி அடிக்க அடிக்க, அப்பா அடுப்பைப் பார்க்கத் தெருமுனையிலிருந்து தளர்நடையில் திரும்புவார். நடுங்கும் கையில் செம்பு தளும்பும்.

"அடுப்ப அவிச்சிட்டேன்னு சொல்லுதேன்லா. என்னைய நம்பலியா?" என்று அம்மா அழுவாள்.

"நம்புதேன். மனசு கேக்க மாட்டேங்கு."

அப்பா இறந்தபின் அம்மாவுக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

நேற்று என் கைநடுக்கத்தைப் பார்த்த டாக்டர், சிலருக்கு இதோடு, சரிபார்த்ததையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் தவிப்பும் வரும் என்றார். அப்பாவுக்கும் அதுதான் என்று இப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அவுக என்னைய நம்பித்தான் இருந்திருக்காக."

செம்பைக் கவிழ்த்து வைத்தாள். தெருமுனை வரை திரும்பியே பார்க்கவில்லை.