இருபத்தெட்டில் நான் செய்த தப்பு

சீட்டில் என்னென்ன தப்பு செய்யக் கூடாது என்று ஊருக்கே வகுப்பெடுக்கிற ஆள் நான். துருப்பை அவசரப்பட்டு இறக்காதே, ஒற்றைக் குலானை நம்பி மேலே மேலே ஏலம் விளிக்காதே, நல்ல சீட்டு வந்தால் பல்லைக் காட்டாதே. குலான் என்றால் ஜாக்கி. இருபத்தெட்டு ஆட்டத்தில் அது ராஜாவுக்கும் மேலே.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கார் போர்ச்சில் பிளாஸ்டிக் மேசை போடுவோம். நானும் மனைவியும் ஒரு ஜோடி. எதிர்வீட்டுத் தம்பியும் அவன் மனைவியும் இன்னொரு ஜோடி. ஆறு நாளும் தையல் மிஷினில் குனிந்து கிடக்கிற என் மனைவிக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் ஓய்வு. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கெடுத்தேன்.

அன்றைக்கு என் குலான் ஜெயித்துக்கொண்டிருந்த சுற்றில், எங்களுக்கே வரவேண்டிய பிடியையே அவள் துருப்பு போட்டு வெட்டினாள். ஒரு துருப்பு வீணாகி, ஆட்டமும் போயிற்று. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம். எங்கள் வீட்டில் துணி கிளிப்தான் குணுக்கு. கிளிப் மாட்டியதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒனக்கு மூள உண்டா?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

அவள் தன் காதிலிருந்த கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று ஞாயிறு ஆட்டம் இல்லை. அந்த ஞாயிறுகளிலும் அவள் தைத்தாள். அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைவிட, அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலை. நாலாவது வாரம் வீம்பை விட்டு, தப்பு என்மேல்தான், ஆட வா என்று கூப்பிட்டேன்.

"வாறேன். ஆனா ஒங்க ஜோடியா இருக்கமாட்டேன்."

பெண்கள் ஒரு ஜோடி, ஆண்கள் ஒரு ஜோடி என்று ஆனது. மூளை உண்டா என்று நான் கேட்டவள் எங்களைத் துவைத்து எடுத்தாள். என் கையில் குலான் இருந்தால் ஏலத்திலிருந்து மெல்ல ஒதுங்கினாள். வெறுங்கையோடு நான் விளித்தால் என்னை மேலே ஏற்றிவிட்டு நடுவழியில் கைவிட்டாள். மூன்று ஆட்டமும் அவர்களுக்குத்தான். எல்லாரும் போன பிறகு, என் கையில் இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கையில நல்ல சீட்டு வந்தா நீங்க என்னயப் பாக்கமாட்டிய," என்றாள். "தோக்கப் போறப்ப மட்டுந்தான் பாப்பிய."

இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்திருந்தவள். அடுத்த வாரம் ஒரே ஒரு ஆட்டம் என் ஜோடியாக இரு என்று கெஞ்சினேன். சரி, ஒன்றே ஒன்று என்றாள்.

அந்த ஆட்டத்தில் எனக்கு இரண்டு குலான் வந்தது. சீட்டை வைத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு அவளைத்தான் பார்த்தேன்.

"அண்ணா, ஜாட காட்டாதிய, இது கள்ளக்களியாக்கும்," என்றான் தம்பி.

எல்லாருக்கும் என் கை தெரிந்துபோய்த் தோற்றோம். அவள் என் எதிரிலிருந்து எழுந்து போகவில்லை. சீட்டைக் குவித்து, அடுத்த ஆட்டத்துக்குக் குலுக்க ஆரம்பித்தாள்.